வீட்டை விட்டுப் போக இரண்டு கையெழுத்து

நோர்வேஜிய மொழியில் எழுதித் தந்தால் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அச்சடித்துக் கொடுப்போம் என்று கேட்டீர்கள். மாட்டேன். இருபத்தாறு வருடம் அந்த மொழியில் அறிக்கை எழுதியே என் கை கெட்டுப்போய்விட்டது. எங்கள் அறிக்கைகளில் யாரும் அழுவதில்லை, 'உணர்ச்சிவசப்பட்டுக் காணப்பட்டார்.' யாரும் பொய் சொல்வதில்லை, 'தகவல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.' ஓய்வு பெற்ற பிறகும் அப்படி ஒன்று எழுத எனக்கு என்ன தலையெழுத்தா? உங்களில் நாலைந்து பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். மற்றவர்களுக்கு நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அதற்கு மணிக்கணக்கில் சம்பளமும் கேட்டு வாங்குங்கள். சும்மா செய்து பழகாதீர்கள்.

நான் வேலை செய்தது ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்துக் குழந்தைகள் நல அலுவலகம் ஒன்றில். எங்கள் சனம் அதைப் பிள்ளை பிடிக்கிற இடம் என்றுதான் சொல்லும். கோயிலில் என்னைக் கண்டால் தாய்மார் பிள்ளைகளை மெதுவாக மறுபக்கம் நகர்த்துவார்கள். பிறகு அன்னதான வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்று, "அக்கா, ஒரு சின்ன விசயம்" என்று தொடங்குவார்கள். அந்தச் சின்ன விசயம் ஒருநாளும் சின்னதாக இருந்ததில்லை.

வீட்டை விட்டுப் போக விரும்பும் பிள்ளைகளைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டு எங்களிடம் வருவார்கள். அங்கே நீதிபதி சுத்தியலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் பிள்ளைக்குப் பெற்றோரிடமிருந்து விடுதலை. "அந்தப் படிவம் எங்கே எடுக்கலாம்?" என்று கேட்பார்கள். அப்படி ஒரு படிவம் இந்த நாட்டில் இல்லை. பதினைந்து வயதானால் பிள்ளை தன் வழக்கில் தானும் ஒரு தரப்பு, அவ்வளவுதான். பதினெட்டுக்கு முன் தனியாகப் போவதென்றால் நாங்கள் ஒரு ஹிபெல், அதாவது ஒற்றை அறை வாடகை வீடு, பார்த்துக் கொடுத்து, வாரம் ஒருதரம் போய்ப் பார்த்து வருவோம். அதற்குத் தாயும் தகப்பனும் கையெழுத்து வைக்கவேண்டும். வைக்காவிட்டால் வழக்கு மேலிடத்துக்குப் போகும். அங்கே அடி, பட்டினி, மிரட்டல் என்று கனமாக ஏதாவது காட்டவேண்டும். ஒன்றும் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? பொறுத்திருக்கும், இல்லாவிட்டால் ஓடும்.

சிந்துஜாவிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. பெயரை மாற்றியிருக்கிறேன். அம்மருட்டில் ஒரு அடுக்குமாடியில் தாய், தகப்பன், எட்டு வயதுத் தம்பியோடு இருந்தாள். பதினெட்டுக்கு இன்னும் பதினான்கு மாதம். ஒரு மார்ச் மாதம், சேறும் பனியும் பூசிய சப்பாத்தோடு என் அறைக்கு வந்து, என்னைப் பெயர் சொல்லி அழைத்து, தானே தட்டச்சுச் செய்த இரண்டு பக்க விண்ணப்பத்தை மேசையில் வைத்தாள். அப்படியொரு சுத்தமான அலுவலக நோர்வேஜிய மொழியை எங்கள் குழுத்தலைவிகூட எழுதமாட்டார். உரிய சட்டப்பிரிவு எண்கூட இருந்தது.

எங்கள் அலுவலகத்தில் தமிழ்ப் பெட்டையோ பாகிஸ்தான் பெட்டையோ வீட்டை விட்டுப் போகவேண்டும் என்று வந்தால் கேட்க மூன்று கேள்விகள் தயாராக இருந்தன. அடிக்கிறார்களா? கட்டாயக் கலியாணமா? காதலன் இருக்கிறானா? மூன்றுக்கும் அவள் இல்லை என்றாள். குழுத்தலைவிக்கு முகம் விழுந்துவிட்டது. கடைசியில் 'கலாசார முரண்பாடு' என்ற கட்டத்தில் ஒரு சரி போட்டார். அந்தக் கட்டம் ஒரு குப்பைத்தொட்டி. எங்களுக்கு விளங்காததையெல்லாம் அதற்குள்தான் போட்டோம். இன்றைக்கும் நீங்கள் வேறொரு பெயரில் அதையே வைத்திருக்கிறீர்கள் என்று கேள்வி.

"அப்ப ஏன் போகவேணும்?" என்று நான் கேட்டேன்.

"எனக்கு வேலை கூட" என்றாள்.

வீட்டில் சமைக்கச் சொல்கிறார்களாக்கும் என்று நினைத்தேன். அதுவல்ல. எட்டு வயதிலிருந்து அந்த வீட்டுக்கு வரும் கடிதங்களை அவள்தான் வாசிக்கிறாள். தகப்பனின் வரிப் படிவம், தாயின் மருத்துவ விடுப்பு, மின்சாரக்காரன், தம்பியின் பள்ளிக்கூடம் எல்லாம் அவள் கையில். மாமியின் வீட்டு உதவித்தொகை விண்ணப்பமும் அவள்தான். கீழ்வீட்டுச் சித்தப்பா முறையானவரின் விசாவும் அவள்தான். மத்தியானத்தில் வகுப்பில் இருக்கும்போது தொலைபேசி வரும். "பிள்ளை, ஒருக்கா இந்த மனிசியோடை கதை, என்னவோ சொல்லுறா." அவள் கழிப்பறைக்குள் போய் நின்று, வங்கிக்காரியோடு தன் தகப்பனாகக் கதைப்பாள். பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம் வரப்போகிறது, புள்ளிகள் சரிந்துகொண்டிருந்தன. அந்த ஒரு வருடமாவது தனக்கு வேண்டும் என்றாள்.

"தபால்பெட்டியிலை என்ரை பேர் மட்டும் இருக்கிற இடம் காணும். அறை சின்னனெண்டாலும் பரவாயில்லை."

சிரிக்காதீர்கள். உங்களில் பாதிப்பேர் வேலைக்கான நேர்முகத்தில் என் முன்னால் இருந்து, சின்ன வயதிலிருந்தே வீட்டுக்கு மொழிபெயர்த்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னீர்கள். நானும் கெட்டித்தனம் என்று குறித்துக்கொண்டேன். எங்களைப் போல மடையர்கள் வேறு எங்கே இருப்பார்கள்?

பெற்றோரை அழைத்தேன். சட்டப்படி ஒரு மொழிபெயர்ப்பாளரையும் ஒழுங்கு செய்தேன். வந்தவர் கோயில் நிர்வாக சபையில் இருப்பவர். தாழ்வாரத்தில் அவரைக் கண்டதுமே சிந்துஜாவின் தகப்பன் நின்ற இடத்தில் நின்றுவிட்டார். விடியற்காலையில் ஒரு வெதுப்பகத்திலும் பின்னேரத்தில் அலுவலகத் துப்புரவிலும் வேலை செய்யும் மெலிந்த மனிதர். காது சிவந்துபோயிற்று.

"அவர் உள்ளுக்கு வந்தால் நான் வெளியிலை போறன். பின்னேரத்துக்குள்ளை ஒஸ்லோவின்ரை மற்றத் தொங்கல், மோர்டென்ஸ்ருட் வரைக்கும் கதை போயிடும்."

அவர் பயந்தது நியாயம். நான் செய்யவேண்டியது என்ன? கூட்டத்தைத் தள்ளிவைத்து, தூரத்து ஊரிலிருந்து தொலைபேசியில் மொழிபெயர்க்கும் ஒருவரைக் கேட்கவேண்டும். ஒரு வாரம் பிந்தும், அவ்வளவுதான். நான் என்ன செய்தேன்? கோயில்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, "நாங்கள் தமிழிலையே கதைப்பம்" என்றேன். அன்றைக்குக் கூட இருக்கவேண்டிய சக ஊழியருக்குக் காய்ச்சல். அதையும் வசதியாக எடுத்துக்கொண்டேன்.

தகப்பனின் முகம் மலர்ந்தது.

"அக்கா ஊரிலை எவடம்?"

"கரவெட்டி."

"அட, நாங்கள் நெல்லியடி! கூப்பிடு தூரம்."

முடிந்தது கதை. பத்து நிமிடத்தில் அவருடைய பெரியப்பாவிடம் என் அண்ணன் கணக்குப் படித்தது வெளியே வந்துவிட்டது. நான் அரசாங்க அலுவலர் என்பது போய் அக்கா ஆனேன். அவர் எனக்குத் தம்பி ஆனார். தாய் கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சிந்துஜா எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் கேட்பது எங்கள் சனத்துக்கு மூச்சு விடுவது மாதிரி. கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கேட்ட பிறகு உங்களால் நடுவில் நிற்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

"அக்கா, எங்கடை ஆள் ஒராள் இஞ்சை இருக்கிறது எவ்வளவு பலம். நீங்களே பிள்ளைக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

சொன்னேன். அந்த வருடங்களில் நோர்வே எங்கள் நாட்டில் சமாதானம் பேசிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் பேருந்து ஓட்டுபவரிலிருந்து பல் வைத்தியர் வரை எல்லோருக்கும் இரண்டு தரப்புக்கு நடுவில் உட்காருகிற ஆசை தொற்றியிருந்தது. எனக்கும் தொற்றியிருக்கவேண்டும். குரலைக் குழைத்துக்கொண்டு, "பிள்ளை, அப்பா அம்மா விளங்காத ஆக்கள் இல்லை. இந்த வருசச் சோதினை முடியட்டும். லீவுக்கு ஊருக்கும் ஒருக்காப் போட்டு வாங்கோ. வந்தாப் பிறகு ஆறுதலாப் பாப்பம்" என்றேன்.

"ஓம் அன்ரி" என்றாள் சிந்துஜா.

அந்த 'அன்ரி' காதில் விழுந்தபோதே நான் பயந்திருக்கவேண்டும். என்னைப் பெயர் சொல்லி அழைத்து, சட்டப்பிரிவு எண்ணோடு வந்த பிள்ளை அவள். நான் அன்ரி ஆனதும் அவளிடம் இருந்த சட்டமெல்லாம் காற்றில் போயிற்று. அன்ரியிடம் எந்தத் தமிழ்ப் பிள்ளை 'மாட்டேன்' என்று சொல்லும்? நானோ அழகாக முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். தகப்பன் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட்டக் குறிப்பு எழுதவில்லை. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நடத்திய கூட்டத்துக்குக் குறிப்பு எழுதினால் மாட்டுப்படுவேனே!

மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் தகப்பன் என் கைத்தொலைபேசிக்கு அழைத்தார். அந்த இலக்கத்தைக் கொடுத்ததும் நான் செய்த பிழைகளில் ஒன்று.

"அக்கா, பிள்ளை வீட்டிலை இல்லை. வெள்ளிக்கிழமை சிநேகிதி வீட்டை போறன் எண்டு போனவள்."

"வெள்ளிக்கிழமையோ? ஏன் தம்பி இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"உங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டு... நீங்கள் எங்கடை ஆள். உங்கடை வேலைக்கு ஒண்டும் வந்திடக்கூடாது."

என் வேலைக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது என்று ஒரு தகப்பன் மூன்று நாள் தன் மகளைத் தேடாமல் இருந்திருக்கிறார். சொந்தக்காரருக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா என்று சொல்லி வைத்திருந்தார்கள். எனக்கு அவரைத் திட்டவேண்டும் போல இருந்தது, எந்த வாயால் திட்டுவது?

குழுத்தலைவியிடம் போனேன். அவரிடம் பள்ளிக்கூடத்திலிருந்து ஏற்கெனவே தகவல் வந்திருந்தது. பிள்ளை காணவில்லை, ஜூன் மாதத்துக்குக் கொழும்புக்கு விமானச் சீட்டு இருக்கிறது. இது போதாதா? அன்று மார்ச்சில் அவருக்குக் கிடைக்காமல் போன கட்டாயக் கலியாணம் இப்போது தட்டில் வைத்துக் கிடைத்துவிட்டது. அவசர உத்தரவு எழுதத் தொடங்கிவிட்டார். பொலிஸ் அம்மருட் வீட்டுக்குப் போகும், கடவுச்சீட்டுகளை எடுக்கும். நிலைமை தெளிவாகும்வரை எட்டு வயதுத் தம்பியை வேறொரு வீட்டில் வைப்பார்கள்.

"தம்பியை எதற்கு?" என்று கேட்டேன்.

"பாதுகாப்புக்கு" என்றார். எங்கள் தொழிலில் இந்தச் சொல்லைக் கேட்டால் இரண்டு தரம் யோசியுங்கள். யாருடைய பாதுகாப்பு என்று கேளுங்கள். பெரும்பாலும் எழுதுகிறவரின் பாதுகாப்புத்தான்.

அப்போது என் கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி வந்தது. 'ஸ்தவாங்கரில் இருக்கிறேன். சிநேகிதியின் அக்கா வீடு. நலம். அப்பாவுக்கு இடம் சொல்லவேண்டாம். நீங்கள் என் பக்கம் என்று நினைத்தேன்.' தாழ்வாரத்துக்கு வந்து அழைத்தேன்.

"சிந்துஜா, கொழும்புக்கு டிக்கெட் போட்டது ஆர்?"

"நான்தான். மூண்டு இடத்திலை விலை பாத்துப் போட்டனான். ஏன்?"

"உனக்குப் போக விருப்பமோ?"

"விருப்பம். அங்கை கடல் பாக்கவேணும். பிறகு வந்து என்ரை அறையிலை இருந்து படிக்கவேணும். ரெண்டையும் கேட்டால் பிழையோ?"

பிழையில்லை. அவ்வளவு எளிமையான ஆசை எங்கள் எந்தக் கட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை என்பதுதான் பிழை.

குழுத்தலைவியிடம் திரும்பிப்போய்ச் செய்தியைக் காட்டினேன். யாராவது பக்கத்தில் நின்று எழுத வைத்திருக்கலாம் என்றார். டிக்கெட் போட்டது அவள்தான் என்றேன். அதையும் யாராவது சொல்லக் கட்டாயப்படுத்தியிருக்கலாம் என்றார். பெற்றோர் பயமுறுத்துகிறவர்கள் அல்ல, அவர்களோடு ஒரு மணி நேரம் பேசியிருக்கிறேன் என்றேன்.

"என்ன பேசினீர்கள்? குறிப்பு எங்கே?"

பாருங்கள், இந்த இடத்தில்தான் ஒருவர் யார் என்று தெரியும். எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. வாயை மூடிக்கொண்டால் பொலிஸ் போகும், சின்னப் பொடியனை அழ அழக் கொண்டுபோவார்கள், சிந்துஜா இனி ஒருநாளும் அந்த வீட்டுப் படி ஏறமாட்டாள், என் பெயர் மட்டும் சுத்தமாக இருக்கும். வாயைத் திறந்தால் வேலை போகலாம். நீங்கள் என்னைத் தைரியசாலி என்று நினைக்கவேண்டாம். கதிரையில் உட்கார்ந்து முழுதாக ஐந்து நிமிடம் என் வீட்டுக் கடனைப் பற்றித்தான் யோசித்தேன். பிறகு ஒரு தாள் எடுத்து எழுதினேன். மொழிபெயர்ப்பாளரை அனுப்பிவிட்டேன். தனியாகத் தமிழில் பேசினேன். தகப்பன் எதிர்க்கவில்லை, கேட்கவே தயாராக இருந்தார். பிள்ளையைப் பொறுக்கச் சொன்னது அவரல்ல, நான். அவள் ஓடியது என்னால்.

குழுத்தலைவி அதை வாசித்தார். என்னை ஒரு பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆனால் உத்தரவை மூடிவைத்துவிட்டு, பொலிசை அழைத்து, வீட்டுக்குப் போகவேண்டாம் என்றார். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. வழக்கை என்னிடமிருந்து எடுத்து, வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத ஒரு நோர்வேஜிய இளைஞனிடம் கொடுத்தார்கள். அவனை நான் எப்போதும் மதித்ததில்லை. கூட்டங்களில் விதிப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிப்பான். அவனுக்கு எங்கள் சனத்தைப் பற்றி என்ன தெரியும் என்று ஏளனமாக நினைத்தேன். ஒன்றும் தெரியாது. அதுதான் அவனிடம் இருந்த நல்ல விசயம். அவன் முதலில் செய்த வேலை, துரொன்ஹைமிலிருந்து ஒரு தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டம். சிந்துஜா ஸ்தவாங்கரிலிருந்து ரயிலில் வந்திருந்தாள். என்னைச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். ஒரு சொல்லும் தமிழில் பேசக்கூடாது என்று கட்டளை. மேசை நடுவில் தொலைபேசி. சம்மதப் படிவம் அதன் பக்கத்தில்.

"வணக்கங்க" என்றது ஒரு ஆண் குரல். "இங்க பேசறது எல்லாத்தையும் அப்படியே சொல்லுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். ஒருத்தர் முடிச்ச பிறகு அடுத்தவங்க பேசுங்க."

தகப்பன் தாயின் பக்கம் சாய்ந்து, "இந்தியாக்காரர். நல்லது, எங்களை ஆரெண்டு தெரியாது" என்றார். இந்தியத் தமிழைக் கேட்டால் முகம் சுளிக்கிற எங்கள் ஆள் ஒருவர் அதைக் கேட்டு நிம்மதியாக மூச்சுவிட்டதை அன்றுதான் கண்டேன்.

சிந்துஜா நோர்வேஜிய மொழியில் தொடங்கினாள். தகப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"பிள்ளை, ஏன் எனக்கு நொஸ்க்கிலை கதைக்கிறாய்?"

குரல் அதையும் கடமையாக மொழிபெயர்த்தது. அவள் பதில் சொன்னாள். குரல் அதைத் தமிழாக்கியது.

"தமிழ்ல பேசினா நான் உங்களுக்காக பேச ஆரம்பிச்சுடுவேன். இன்னிக்கு எனக்காக பேசணும்."

தகப்பன் மகளைப் பார்ப்பதா தொலைபேசியைப் பார்ப்பதா என்று தெரியாமல் தடுமாறினார். அவள் கடிதங்களைச் சொன்னாள், கழிப்பறைக்குள் நின்று வங்கியோடு கதைத்ததைச் சொன்னாள், சரிந்த புள்ளிகளைச் சொன்னாள். ஒரு முழு மனிதனின் குரல், யாரோ ஒரு மதுரைக்காரனோ கோயம்புத்தூர்க்காரனோ, பதினாறு வயதுப் பெட்டையாக 'நான், நான்' என்று சொல்லிக்கொண்டே போனது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவள் தலையைக் குனிந்துகொண்டு வேறொன்றைத் தொடங்கினாள்.

"எனக்கு அப்ப பதினோரு வயசு. அம்மா வயித்துல இருந்த பாப்பா தவறிப்போச்சு. அம்மா படுக்கையை விட்டு எழுந்திருக்கல. அப்பா ரெண்டு வேலைக்குப் போயிட்டிருந்தாங்க. யாரோ இந்த ஆபீஸுக்கு எழுதிப் போட்டிருக்காங்க. இங்கிருந்து ஒரு பொம்பளை போன் பண்ணாங்க. அம்மா தூங்கறாங்கன்னு சொன்னேன். சரி, அம்மாவைப் பத்தி ஒரு புகார் வந்திருக்கு, வியாழக்கிழமை பத்து மணிக்கு வரணும், நீயே சொல்லிடுன்னாங்க. நான் சொல்லல. தம்பியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயமா இருந்துச்சு. மறுநாள் நானே போன் பண்ணி, நான்தான் அம்மா பேசறேன்னு சொன்னேன். எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்னேன். நம்பிட்டாங்க."

குரல் நின்றது. "மன்னிக்கணும், ஒரு நிமிஷம்" என்றது. அவர் தண்ணீர் குடிப்பது கேட்டது.

தாய் அதுவரை ஒரு கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. தொலைபேசியைப் பார்த்து, "எனக்கு ஆரும் சொல்லேல்லை" என்றார். பிறகு மகளைப் பார்த்தார்.

"நீ ஏன் பிள்ளை என்னை எழுப்பேல்லை?"

சிந்துஜா மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை.

"எழுப்பினனான் அம்மா. நீங்கள் எழும்பேல்லை."

அவள் அன்று பேசிய முதல் தமிழ் அதுதான். துரொன்ஹைம்காரர் சொன்ன சொல் தவறாதவர், அதையும் அந்த இளைஞனுக்காக நோர்வேஜிய மொழியில் சொன்னார். தாய் படிவத்தை இழுத்து, எங்கே என்று விரலால் கேட்டு, கையெழுத்து வைத்தார். அழுதுகொண்டேதான் வைத்தார். நானும் சுவரோரம் அழுதேன். எங்கள் மொழியில் சொன்னால், உணர்ச்சிவசப்பட்டுக் காணப்பட்டேன்.

தகப்பன் பேனாவைக் கையில் எடுத்துவிட்டு நிறுத்தினார்.

"அப்ப இனி வாற கடிதங்களை ஆர் வாசிக்கிறது?"

அதில் கோபம் இல்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. நான் வாசிக்கிறேன் தம்பி என்று சொல்ல எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. இந்த நாக்கால் கெட்டது போதும் என்று கடித்துக்கொண்டேன். விதிப்புத்தக இளைஞன் சொன்னான், கடிதம் அனுப்புகிற அலுவலகம்தான் அதை விளங்கப்படுத்தவேண்டும், மொழிபெயர்ப்பாளரையும் அதுதான் பிடிக்கவேண்டும், உங்கள் மகள் அல்ல.

"அப்பிடியோ?" என்றார் தகப்பன். "இவ்வளவு வருசமா ஒருத்தரும் எங்களுக்கு அதைச் சொல்லேல்லையே." கொஞ்சம் சிரித்தார். அது எங்களை நோக்கிய சிரிப்பு. வேண்டியதுதான். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, தன் முழுப் பெயரையும் எழுதினார்.

அன்று பின்னேரம் நான் ஆவண அறைக்குப் போனேன். ஒரு பதினொரு வயதுப் பிள்ளையிடம் தாயைப் பற்றிய புகாரைச் சொல்லி அனுப்பிய அந்த அறிவுகெட்டவள் யார் என்று பார்க்கத்தான் போனேன். பெயரைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று மனதில் வசனம்கூடத் தயாரித்துவிட்டேன். பழைய கோப்பில் இரண்டே குறிப்புகள். முதலாவது: 'வீட்டுக்கு அழைத்தேன். மகளிடம் தகவல் தெரிவிக்கப்பட்டது.' அடுத்த நாளுக்குரியது: 'தாய் தானே அழைத்தார். நிலைமை சீராக உள்ளது. தாய் மிகத் தெளிவான நோர்வேஜிய மொழி பேசுகிறார், மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. வழக்கு முடிக்கப்படுகிறது.'

இரண்டின் கீழும் என் கையெழுத்து இருந்தது.

எவ்வளவு யோசித்தும் அந்த அழைப்பு எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. பெயரைப் பார்த்தே தமிழ் வீடு என்று தெரிந்திருக்கும். தமிழில் தொடங்கினால் ஊர் எவடம், ஆரின் ஆள் என்று அரை மணி நேரம் போய்விடும் என்று நோர்வேஜிய மொழியிலேயே பேசி முடித்திருப்பேன். நேரம் மிச்சம். படுக்கையில் கிடந்த அந்தத் தாயிடம் நான் நாலு சொல் தமிழில் கேட்டிருந்தால் எல்லாம் வேறு மாதிரிப் போயிருக்கும். கேட்கவேண்டிய நாளில் கேட்காமல் விட்டேன். கேட்கக் கூடாத நாளில் ஊர்க்கதை பேசினேன்.

கோப்பை அந்த இளைஞனின் மேசையில் வைத்து, என்ன செய்வது என்று கேட்டேன். விதிப்புத்தகத்தைப் புரட்டாமலே சொன்னான், அவள் பதினைந்து தாண்டியவள், தன் வழக்கின் தாள்களைப் பார்க்க அவளுக்கு உரிமை இருக்கிறது, நீங்களே காட்டுங்கள்.

சிந்துஜா அறைச் சாவியை வாங்க வந்த நாளில் காட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. எழுத்தர் ஒருவர் படிவத்தைச் சரிபார்க்கிற மாதிரி, விரலை ஓட்டி ஒவ்வொரு வரியாக வாசித்தாள். இரண்டாவது குறிப்பில் விரல் நின்றது.

"இதிலை தாய் எண்டு கிடக்கு. அது நான். திருத்துங்கோ."

பழைய குறிப்பில் கை வைக்க எங்களுக்கு அனுமதியில்லை. அதனால் கீழே புதிதாக ஒரு வரி எழுதினேன். அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். 'மேற்படி அழைப்பில் பேசியவர் தாய் அல்ல, மகள். வயது பதினொன்று.' கையெழுத்து வைத்து, சரிதானா என்று பார்க்க அவளிடம் நீட்டினேன்.